தானாகப் படிக்கும் பிள்ளை

"டேரியனா? அவன் லெசனுக்கெல்லாம் போறதில்லக்கா. தானா படிக்கிறான்."

பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே மெர்ல் இதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கூவா சந்தையில், பக்கத்தில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி. லிஸ்ட்ராவுக்குக் கையிலிருந்த கீரைக்கட்டை அவள் மூஞ்சியில் விட்டெறியலாம் போலிருந்தது. மெர்ல் அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. எறிந்தால் அடுத்த ஞாயிறு ஒரே பந்தியில் உட்கார்ந்து வாத்துக்கறி சாப்பிட முடியாது. அதனால் சிரித்து வைத்தாள்.

இந்தத் தீவில் தானாகப் படிக்கும் பிள்ளை என்று ஒன்று கிடையாது. பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை, லெசன் என்னும் தனிவகுப்புக்குப் போகிறார்கள். சாயங்காலம் லெசன், சனிக்கிழமை லெசன், ஆகஸ்ட் விடுமுறையில் ஊரெல்லாம் கடற்கரையில் கிடக்கும்போதும் லெசன். எல்லாம் ஐந்தாம் வகுப்பில் வரும் நுழைவுத் தேர்வுக்காக. அந்தத் தேர்வு முடிவை வைத்துத்தான் பிள்ளை எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் என்பதும், பிள்ளையைப் பெற்றவள் எந்த முகத்தோடு கல்யாண வீட்டுக்குப் போவாள் என்பதும் முடிவாகிறது. ஆகவே ஒரு நல்ல லெசன் சார் கிடைத்துவிட்டால் யாரும் பேரை வெளியே விடமாட்டார்கள். தனக்கு வந்திருக்கும் புற்றுநோயைக்கூட வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். லெசன் சார் பேரைக் கேட்டால் மட்டும், "அவன் தானா படிக்கிறான்" என்பார்கள்.

தன்னிடம் ஆயிரம் குறை இருக்கலாம், இப்படி ஒரு பொய் தன் வாயிலிருந்து வராது என்று வீடு வந்து சேரும்வரை லிஸ்ட்ரா புருஷனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். போன வருஷம் தன் பேரையே தப்பாக எழுதிய அவள் பையன், இந்த ஈஸ்டர் பரீட்சையில் கணக்கில் எண்பத்து நாலு. தானாகப் படித்தானாம். யார் காதில் பூச்சுற்றுகிறாள்? டியோ தும்மல் வரப்போகிறவன் மாதிரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வண்டியை ஓட்டினான். எதற்கும் வாய் திறக்காத மனிதன் என்று அவனைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே ஒரு முடிவு உண்டு. அதை இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டாள்.

பின் இருக்கையில் மகள் தாரிகா சட்டைக் காலரை மென்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அதே பரீட்சையில் முப்பத்தொன்று.

தாரிகா மக்கு இல்லை. தெருவில் எந்த மாமரம் யாருடையது, எது எப்போது காய்க்கும், எந்த நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் கண் மேலே போய்விடும், கூரையில் யாரோ எழுதி வைத்திருப்பதைத் தேடுகிறவள் மாதிரி. கிறிஸ்துமஸ் பரீட்சையில்தான் முதல் சரிவு. அன்றிலிருந்து லிஸ்ட்ரா ஓயவில்லை. அந்த வீட்டில் ஒரு லெசன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

முதலில் தேடி வந்தவள் வகுப்பு ஆசிரியை பூரன் மிஸ். லெசன் அவளே நடத்துகிறாள், அதே வகுப்பறையில், அதே கரும்பலகையில், மணி அடித்த பிறகு. பகலில் இருக்கும் பூரன் மிஸ்ஸுக்குக் கொட்டாவி வரும். பின்னத்தைப் பலகையில் பாதி எழுதிவிட்டு, "மீதிய அப்புறம் பாக்கலாம்" என்று சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிடுவாள். மணி அடித்ததும் வேறொரு பூரன் மிஸ் வருவாள், கொட்டாவி இல்லாத மிஸ். அந்த மீதி அப்போதுதான் பலகைக்கு வரும். திங்கட்கிழமை பரீட்சையில் வருவதும் அந்த மீதிதான். லெசனுக்கு வராத பிள்ளைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மீதி இல்லாத பின்னத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அப்ப காலைலேர்ந்து மணி அடிக்கிற வரைக்கும் அவங்க என்னதான் சொல்லித் தர்றாங்க?" என்று டியோ கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்கக்கூடிய கேள்வி இல்லை. கேட்டால் பிள்ளைதான் அனுபவிக்கும். லிஸ்ட்ரா மகளை அந்த லெசனில் சேர்த்துவிட்டாள். ஒரே அறையில் ஒரே முகத்தைக் காலையிலும் பார்த்து சாயங்காலமும் பார்த்த தாரிகாவுக்கு எரிச்சல் வந்ததே தவிர பின்னம் வரவில்லை.

அந்த நாட்களில்தான் டியோ ஒரு யோசனை சொன்னான். அவன் பாயின்ட் லிசாஸில் ஒரு ஆலையில் இன்ஜினியர். பகல் முழுக்கக் குழாய்க்குள் என்ன ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்று கணக்குப் போடுவதற்குத்தான் சம்பளம்.

"நானே சொல்லித் தர்றேனே. பிள்ளைக் கணக்கு எனக்கு வராதா?"

சமையலறை மேசையில் அப்பாவும் மகளும் சில சாயங்காலங்கள் உட்கார்ந்தார்கள். லிஸ்ட்ரா கரண்டியோடு பின்னால் நின்றாள். அப்படியில்லை, பூரன் மிஸ் வேறு மாதிரிப் போடுவாள் என்றாள். அவளுக்குப் புரியவில்லை பாருங்கள் என்றாள். ஏன் சத்தம் போடுகிறீர்கள் என்றாள். டியோ இன்னும் சத்தமாகப் பதில் சொன்னான். தாரிகா அழுதாள். மறுநாள் அப்பா சொன்ன வழியில் போட்ட கணக்கை மிஸ் சிவப்பு மையில் அடித்து அனுப்பினாள். விடை சரி, வழி தப்பு.

அன்றைக்கு லிஸ்ட்ரா முடிவாகச் சொன்னாள்: "போதும், விடுங்க. பொண்ணு யார்கிட்ட லெசன் போறான்னு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? அவங்கப்பாகிட்டன்னா? லெசனுக்கு அனுப்ப வக்கில்லாத குடும்பம்னு நெனப்பாங்க."

டியோ பென்சிலை மேசையில் வைத்தான். அதற்குப் பிறகு அவன் கணக்குப் பேச்சே எடுக்கவில்லை. சனிக்கிழமை காலைகளில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஊர் கிரிக்கெட் குழுவுக்கு மைதானத்தில் கோடு போட ஆள் வேண்டுமாம். மத்தியானம் முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூசியோடு, நன்றாகச் சிரித்த முகத்தோடு திரும்பி வருவான். பெற்ற பிள்ளை தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதனுக்குக் கோடு போட எப்படி மனம் வருகிறது என்று அவன் சட்டையை ஊறவைக்கும்போதெல்லாம் லிஸ்ட்ரா நினைத்துக்கொள்வாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. பூரன் மிஸ்ஸின் லெசனை நிறுத்திவிட்டு, தாரிகாவைச் சகுவானாஸில் ஜக்லால் சாரிடம் கூட்டிப்போனாள். ஜக்லால் சார் பேரை யாரும் ஒளிப்பதில்லை. ஒளிக்க முடியாத பேர். தூண்மேல் நிற்கும் பெரிய வீடு, கீழ்த்தளம் முழுக்க பெஞ்சு, சுவர் முழுக்க அவரிடம் படித்து நல்ல பள்ளிக்குப் போன பிள்ளைகளின் படம். அவரிடம் சேர முதலில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். எண்பதுக்கு மேல் வாங்கினால்தான் இடம். காய்ச்சல் இல்லாதவர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் டாக்டர். அப்புறம் என் நோயாளிகளில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று சுவரில் படம் மாட்டுவார்.

தாரிகாவின் தாளை அவர் ஒரு விரலால் தள்ளினார்.

"அம்மா, ஓடுற குதிரையத்தான் நான் ஓட்டுவேன். இத நீங்க வேற எங்கயாவது பாருங்க."

'இது' என்று அவர் சொன்னது தாளையா, பிள்ளையையா என்று லிஸ்ட்ராவுக்குத் தெரியவில்லை. தாரிகா பக்கத்திலேயே நின்றாள். வீடு வரும் வரைக்கும் காலர் அவள் வாயில்தான் இருந்தது. லிஸ்ட்ராவுக்கு அந்த ஆளைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. சுத்தமான, உண்மையான ஆத்திரம். ஆனால் மறுநாள் காலை அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஜக்லால் சாரின் சேர்க்கைப் பரீட்சைக்கென்றே லெசன் நடத்தும் திருமதி டப்ரோ என்ற அம்மாவைத் தேடிப் பிடித்தாள்.

"அப்ப அந்த டப்ரோம்மாகிட்ட சேர்றதுக்கு ஏதாவது லெசன் இருக்கா?" என்றான் டியோ.

லிஸ்ட்ரா சிரிக்கவில்லை. இதோடு நின்றாளா என்றால் அதுவும் இல்லை. சனிக்கிழமை விடிந்ததும் கணினியில் ஒரு லெசன். அதில் ஒரு அம்மாள் எங்கிருந்தோ பேசிக்கொண்டிருப்பாள், பிள்ளைகள் எல்லாம் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். தாரிகா நோட்டின் ஓரத்தில் நாய் வரைந்துகொண்டிருப்பாள். அது முடிந்ததும் டப்ரோ. அது முடிந்ததும் வண்டியிலேயே கடலைக்குழம்பு வைத்த டபிள்ஸ் ரொட்டி சாப்பிட்டுவிட்டு, கட்டுரைக்கென்று இன்னொரு இடம். சனிக்கிழமை காலையில் தாரிகாவுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். லிஸ்ட்ரா டாக்டரை மாற்றினாள்.

இத்தனைக்குப் பிறகு வந்ததுதான் முப்பத்தொன்று.

சந்தைக்குப் போய் வந்த அந்த வாரமே பூரன் மிஸ் கூப்பிட்டு அனுப்பினாள். ஜூலைப் பரீட்சையில் ஐம்பது வாங்காவிட்டால் தாரிகா நான்காம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான் என்றாள். தன் லெசனை விட்டு நிறுத்தியதுதான் தப்பு என்று சொல்லவில்லை. சொல்லாமலே அதைச் சொல்லத் தெரிந்தவள்.

அன்று இரவு, தலைவாரிவிடும்போது தாரிகா கேட்டாள்: "அம்மா, அடுத்த வருஷம் நான் சின்னப் பிள்ளைங்களோட உக்காரணுமா?"

லிஸ்ட்ராவின் கை நின்றுவிட்டது. பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்தபடி அவள் அழுதாள், சத்தம் வராமல். இந்தப் பிள்ளைக்காக யார் காலில் வேண்டுமானாலும் விழலாம், ஓரகத்தி காலில்கூட விழலாம் என்று அப்போது தோன்றியது. அதைவிடக் கீழே விழ இடமில்லை என்பது அவள் எண்ணம்.

மெர்லுக்குப் போன் செய்தாள். சுற்றி வளைக்காமல், டேரியனுக்கு யார் சொல்லித் தருகிறார்கள், எனக்கு அந்தப் பேர் வேண்டும், என் பிள்ளை அழுகிறாள் என்றாள்.

"ஒரு சார் இருக்காருக்கா. இப்ப பொய் சொல்லல. ஆனா பேரு சொல்ல வேணாம்னு அவரே சொல்லியிருக்காரு."

"எடம் இருக்கான்னாவது கேட்டுச் சொல்லேன்."

"நான் கேக்க முடியாதுக்கா. அது… அவரு கொஞ்சம் ஒரு மாதிரி. நீங்களா ஒரு நா கண்டுபிடிச்சு வந்தீங்கன்னா அது வேற."

அவள் குரலில் சிரிப்பு இருந்தது என்று லிஸ்ட்ராவுக்குச் சந்தேகம். போனை வைத்ததும் சந்தேகம் நிச்சயமாயிற்று. என் பிள்ளை அழுகிறாள் என்கிறேன், இவளுக்கு இளிப்பு. கண்டுபிடிக்கத்தானே வேண்டும், கண்டுபிடிக்கிறேன் பார் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள்.

சனிக்கிழமை டியோ வழக்கம்போல் தொப்பியோடு முன்னால் கிளம்பிப் போனான். மைதானம் எங்கே ஓடிப்போகிறது, இவ்வளவு அவசரம் எதற்கு என்று ஒரு வார்த்தை முதுகில் விட்டெறிந்துவிட்டு, லிஸ்ட்ரா கணினியை அணைத்தாள். தாரிகாவை வண்டியில் ஏற்றினாள். இன்றைக்கு டப்ரோ இல்லை என்றதும் பிள்ளைக்கு வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. மெர்ல் வீட்டுத் தெருமுனையில் பெட்ரோல் பங்குக்குள் வண்டியை நிறுத்திக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, இருக்கையில் பாதி சரிந்து உட்கார்ந்தாள். வழியில் போன பாதிரியார்கூடக் கையசைத்துவிட்டுப் போனார். ஒளிந்திருப்பதாக அவளுக்கு மட்டும்தான் நினைப்பு.

மெர்லின் சிவப்பு வண்டி வந்தது. டேரியன் முன்னால் உட்கார்ந்து என்னவோ தின்றுகொண்டிருந்தான். லெசனுக்குப் போகிற பிள்ளையின் முகம் இல்லை அது. லிஸ்ட்ரா பின்னாலேயே விட்டாள். வண்டி சகுவானாஸ் பக்கம் திரும்பும் என்று நினைத்தாள், திரும்பவில்லை. புல் மண்டிக் கிடக்கும் பழைய கரும்பு வயல்களைத் தாண்டி பிரேசல் பாதையில் போனது. மெர்லின் அம்மா வீடு இருக்கும் பாதை. அந்த அம்மா கனடாவுக்குப் போனதிலிருந்து வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே எந்த சார் வருகிறான்?

வேலிக்கு வெளியே தெருவோரமாக நாலைந்து வண்டிகள் நின்றன. லிஸ்ட்ரா மாமரத்தடியில் நிறுத்தினாள்.

"அம்மா," என்றாள் தாரிகா, "அது அப்பா வண்டி."

அப்பா வண்டிதான். பின் கண்ணாடியில் தாரிகா ஒட்டிய கிளிப் படம்கூட இருந்தது.

கிரிக்கெட் மைதானம் எப்போது பிரேசலுக்கு நகர்ந்தது? பூட்டிய வீடு, சனிக்கிழமை காலை, புருஷன், ஓரகத்தி. போனில் கேட்ட சிரிப்பு. கண்டுபிடித்து வாருங்கள் என்றாளே, சண்டாளி. ஒரு நிமிஷத்தில் அவள் மனதில் கல்யாணம் முறிந்து, நகை பிரிந்து, அவள் தாரிகாவோடு அம்மா வீட்டு வாசலில் நின்றாள். அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்துதான் வண்டிக் கதவைத் திறந்தாள்.

வேலிக்குள்ளிருந்து பிள்ளைகள் கத்தும் சத்தம் வந்தது.

தூண்களுக்கு நடுவே, வீட்டின் கீழே, நனைந்துபோன ஆறு பிள்ளைகள். பெஞ்சு இல்லை, பலகை இல்லை. மூலையில் நிற்கும் பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதான் பலகை. அதன் உடம்பெல்லாம் சுண்ணக்கட்டிக் கோடுகள்: கால், அரை, முக்கால், எட்டில் மூன்று. ஒரு பெண் வாளியைத் தூக்கி ஊற்றினாள். டேரியன் ஏணியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, எட்டில் மூன்று வர இன்னும் ரெண்டு வாளி என்று கூவினான். இல்லை மூன்று என்று இன்னொருத்தன் சண்டைக்குப் போனான். டியோ கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் வெள்ளையாக, ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கென்ன தெரியும்? ஊத்திப் பாரு," என்றான்.

சத்தம் போடவில்லை. அவசரமே இல்லை அவனிடம். அந்த மனிதனை லிஸ்ட்ரா தன் வீட்டில் பார்த்ததே இல்லை.

அவன் தலையை நிமிர்த்தினான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். பிள்ளைகள் திரும்பினார்கள். "சார், யாரோ வந்திருக்காங்க," என்றது ஒன்று.

சார்.

லிஸ்ட்ராவுக்கு எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை. ஊரெல்லாம் அலைந்தேனே, டப்ரோவுக்குக் காசைக் கொட்டினேனே, ஜக்லால் முன்னால் கூனிக் குறுகி நின்றேனே என்றெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. கடைசியில் வேலியைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் கேட்டாள்:

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் இப்படிச் சொல்லித் தர்றீங்களே, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அப்படிக் கத்துனீங்க?"

டியோ கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அங்க நான் அவளுக்கா சொல்லிக் குடுத்தேன், லிஸ்ட்ரா? உனக்குல்ல பதில் சொல்லிட்டிருந்தேன்."

"கூட்டிட்டாவது வந்திருக்கலாம்ல."

"எந்தச் சனிக்கிழமை அவ சும்மா இருந்தா? சொல்லு."

எந்தச் சனிக்கிழமையும் தாரிகா சும்மா இருக்கவில்லை. அவளை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓட்டிப்போனவளுக்குத் தெரியாதா?

இவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது தாரிகா வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

"தாரிகா," என்று டியோ திரும்பினான், "முக்காலுக்கு வர இன்னும் எத்தன வாளி?"

பிள்ளையின் கண் வழக்கம்போல் மேலே போனது. அங்கே கூரை கண்ணில் படவில்லை, தொட்டியின் வாய்தான் தெரிந்தது. பிறகு கண் இறங்கிக் கோடுகளுக்கு வந்தது. உதடு அசைந்தது.

"நாலு," என்றாள்.

தப்பு. கணக்கு வராத லிஸ்ட்ராவுக்கே தப்பென்று தெரிந்தது. திருத்த வாயெடுத்துவிட்டாள். அவள் தோளில் ஒரு கை விழுந்தது. மெர்ல், மாவுக் கையோடு.

"வேணாங்க்கா. இங்க அம்மாமாருக்கு எடமில்ல. அந்த ஒண்ணுதான் சார் போட்ட கட்டள. உள்ள வாங்க, உருளக்கிழங்கு உரிக்கணும்."

"நீ சிரிச்சதானே போன்ல?"

"பின்ன? பேரச் சொன்னா நீங்க வந்து பின்னால நின்னு திருத்துவீங்க, அதுக்குத்தான் அவரு பயந்தாரு. முத நா என்கிட்டயும் இதேதான். 'மெர்ல், நீ சமையல்கட்ட விட்டு வெளிய வந்தா நான் வீட்டுக்குப் போயிருவேன்'னாரு. இன்னிக்குத்தான் வந்தேன், உங்கள உள்ள கூப்பிட."

சமையல்கட்டில் இன்னும் நாலு அம்மாக்கள் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே லிஸ்ட்ராவுக்குத் தெரிந்தவர்கள். எல்லோர் பிள்ளையும் தானாகப் படிக்கிற பிள்ளை. ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்து, ஒரு கத்தியை நீட்டினாள். லிஸ்ட்ரா வாங்கிக்கொண்டாள். வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு, "நாலு பத்தல! இன்னும் ஒண்ணு," என்று தாரிகாவின் குரல். தொடர்ந்து சிரிப்பு. தப்பாகப் போட்ட கணக்குக்கு அவள் மகள் சிரிக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை லிஸ்ட்ரா கேட்டதில்லை. எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்க்கலாமா என்று இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவள் வாழ்க்கையில் எழுதிய கஷ்டமான பரீட்சை அதுதான். கிழங்கில் பாதி தோலோடு போய்விட்டது.

ஜூலையில் தாரிகா கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கினாள். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாத மதிப்பெண். பூரன் மிஸ் பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, தான் போட்ட அடித்தளம் கடைசியில் பிடித்துக்கொண்டது என்றாள். திருமதி டப்ரோ, தன்னிடம் வந்ததால்தான் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். சுவரில் மாட்ட ஒரு படம் கிடைக்கும் என்று தெரிந்தால் ஜக்லால் சாரும் தன் பங்குக்கு ஏதாவது சொல்லியிருப்பார். டியோ அந்தச் சனிக்கிழமையும் தொப்பியை எடுத்துக்கொண்டான், பிள்ளையும் ஒரு தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டாள். மைதானத்துக்கா என்று லிஸ்ட்ரா கேட்டாள். ஆமா, கோடு போட என்றான் அவன்.

மறுநாள் சந்தையில் திருமதி கிட்டன்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். தாரிகாவோடு அதே வகுப்பில் படிக்கும் பையனின் அம்மா. பையனுக்கு நாற்பது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, கை லிஸ்ட்ராவின் முழங்கையை விடவில்லை.

"உங்க பொண்ணு எப்படிங்க ஏறுனா? யார்கிட்ட லெசன்? எனக்காக அந்தப் பேர மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிடலாம். சொல்ல வேண்டும் என்றுதான் லிஸ்ட்ரா வாயைத் திறந்தாள். இந்த முகத்தை அவளுக்குத் தெரியும், இது ஏப்ரலில் அவள் முகம். ஆனால் கண்ணுக்குள் அந்தத் தொட்டி வந்தது. ஏழு பிள்ளைகள், இப்போதே வாளிக்குச் சண்டை. எட்டாவது வந்தால் ஒன்பதாவது வரும், பத்தாவது வரும். அப்புறம் தாரிகாவின் முறை எப்போது வரும்?

பக்கத்தில் மெர்ல் குனிந்து பூசணிக்காயைத் தட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"லெசனா?" என்றாள் லிஸ்ட்ரா. "அவ லெசனுக்கெல்லாம் போறதில்லங்க. தானா படிக்கிறா."